16 மணி நேர விமானப் பயணம்: மூத்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்லை. வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கேட்பதற்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். இந்தத் தலைப்பும் அப்படி வந்ததுதான். காலையில் நடைப்பாதையில் யாராவது நிறுத்தி, "சார், அடுத்த மாசம் பையன்கிட்ட போறோம், நீங்க போய் வந்தவராச்சே, என்னென்ன எடுத்துக்கணும்?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே தடவையாக மைக்கில் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார். அதுதான் இன்றைக்கு.

எங்கள் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். நானும் என் மனைவியும் இதுவரை நான்கு முறை போய் வந்திருக்கிறோம். எனக்கு வயது 67, அவளுக்கு 64. இரண்டு பேருக்கும் ரத்த அழுத்தம், எனக்குக் கூடுதலாகச் சர்க்கரை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருடைய கணக்கும் இதேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றி. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்று எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறக்குறைய 16 மணி நேரம். நடுவில் காத்திருப்பு, இங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, அங்கே இறங்கி வெளியே வருவது எல்லாம் சேர்த்தால் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து மகன் வீட்டுக் கதவைத் தட்டும் வரை 28, 30 மணி நேரம் ஆகிவிடும்.

இதைவிட நீளமானதும் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே தாவலில் போகும் விமானம் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல். அதற்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையைக் குறைக்க மொத்தம் 161 இருக்கைதான் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண எகானமி இருக்கை அதில் கிடையவே கிடையாது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு 2018 முதல் நேர் விமானம் இருக்கிறது. அது சுமார் 17 மணி நேரம்.

இதெல்லாம் இந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1943 முதல் 1945 வரை, பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரிக்கும் நடுவே குவாண்டாஸ் கம்பெனி கேட்டலினா என்ற நீர் விமானத்தை ஓட்டியது. 27 முதல் 33 மணி நேரம் இடைநில்லாப் பயணம். அதிகபட்சம் மூன்று பயணிகள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதனால் அதற்கு இரட்டைச் சூரியோதயப் பயணம் என்றே பெயர். அவர்களுக்கு டி.வி. திரையும் இல்லை, தள்ளுவண்டியில் டீயும் இல்லை. அதை நினைத்துக்கொண்டால் 16 மணி நேரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

சரி, உடம்புக்கு வருகிறேன். இந்தப் பேச்சில் நீங்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்.

விமானம் 35,000, 40,000 அடி உயரத்தில் பறக்கிறது. உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள், ஆனால் தரைமட்டத்துக்குச் சமமாக வைப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக இருக்கும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அதாவது சாப்பிட்டு, தூங்கி, மறுபடி சாப்பிடும் அந்த 16 மணி நேரமும் நீங்கள் கொடைக்கானலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் கொடைக்கானல் ஈரம் அங்கே இருக்காது. காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சென்னையில் வியர்த்துப் பழகிய நமக்கு உதடு வெடிக்கும், மூக்கு எரியும், கண் உறுத்தும். நல்ல உடம்புக்கு இது ஒன்றும் செய்யாது. இதய நோய், நுரையீரல் நோய், ரத்தச் சோகை உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு கேட்டால், டாக்டர் சொல்லும் பதிலைவிட கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதுதான் நம் காதில் விழும்.

அழுத்தம் குறையும்போது வயிற்றில் இருக்கும் வாயு விரியும். அதனால் கிளம்பும் நாளில் சுண்டல், மொச்சை, சோடா வேண்டாம். சாப்பாடு சப்பென்று இருந்தால் சமையல்காரரைத் திட்ட வேண்டாம். வறண்ட காற்றிலும் இரைச்சலிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாகத் தெரியாது.

அடுத்தது கால். எங்கள் இரண்டாவது பயணம் முடிந்து திரும்பி வந்த மூன்றாம் நாள், என் மனைவிக்கு இடது காலில் ஆடுசதை வீங்கிக்கொண்டது. வலது கால் சாதாரணமாக இருந்தது. தொட்டால் சூடு, நடந்தால் வலி. தைலம் தடவினால் போய்விடும் என்று அவள் சொன்னாள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலையே டாக்டரிடம் போனோம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். டி.வி.டி. என்று அதற்குப் பெயர். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மூன்று மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாள். கடவுள் புண்ணியத்தில் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் இதற்காக ஓர் ஆய்வு நடத்தி 2007-ல் முடிவை வெளியிட்டிருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பயப்பட வேண்டாம், நல்ல ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்குதான். ஆனால் எடை அதிகம் உள்ளவர்களுக்கும், முன்பே ஒரு தடவை உறைந்தவர்களுக்கும் கூடும். விமானத்தில் மட்டும் இல்லை, பஸ்ஸிலும் காரிலும் அசையாமல் உட்கார்ந்தாலும் இதே கதைதான். இன்னொன்றும் அந்த ஆய்வில் இருந்தது. 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு விமானத்தில் அபாயம் கூடுதல். அதாவது ஐந்தேகால் அடிக்குக் கீழே. நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அந்த உயரம்தான். கால் தரையில் சரியாகப் பதியாமல் தொங்கினால் இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே இருக்கும். என் மனைவி ஐந்தடி ஓரங்குலம்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நடைவழி ஓர இருக்கை வாங்குங்கள். ஜன்னலில் பார்க்க மேகம் மட்டும்தான் இருக்கும். ஓரத்தில் இருந்தால் யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை எழுந்து கடைசி வரை நடந்து வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள். கால் எட்டாதவர்கள் சின்னக் கைப்பையைக் காலடியில் வைத்து அதன் மேல் பாதத்தை வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் இங்கேயே பல பேர் உண்டு. பாத்ரூம் போக எழுவதும் ஒரு நடைதான், நல்லதுதான். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு கட்டை மாதிரி படுத்துவிடுவது கூடாது. காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை கடையில் கிடைக்கிறது. அதன் அளவையும் அழுத்தத்தையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சர்க்கரையினால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு அது கெடுதலாகக்கூட ஆகலாம்.

இறங்கிய பிறகும் சில வாரங்கள் வரை கவனம் வேண்டும். இரண்டு காலும் கொஞ்சம் வீங்கி ஒரு நாளில் வடிந்தால் பரவாயில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டர். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸ்.

பாத்ரூம் என்றதும் ஒரு சின்ன விஷயம். முதல் தடவை போகிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் கதவு பெரும்பாலும் நடுவில் மடங்கும் கதவு. நடுவில் தள்ளினால் திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால்தான் விளக்கு முழுதாக எரியும். பட்டனை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு காற்று உறிஞ்சும், பயப்பட வேண்டாம். கதவு முன்னால் தயங்கி நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்ட பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் இருக்கட்டும். போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டுக்கொண்டால் தூங்கும்போது பணிப்பெண் எழுப்ப மாட்டார். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு விமானம் திடீர்க் குலுக்கலில் சிக்கி ஒரு முதியவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பெல்ட் போடும் விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கழற்றிவிட வேண்டாம்.

இனி டிக்கெட். இதில் என் பழைய தொழில் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

சென்னை முதல் கடைசி ஊர் வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். முதல் கட்டம் ஒரு கம்பெனி, இரண்டாம் கட்டம் வேறு கம்பெனி என்று தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது கம்பெனிக்கு நம்மைப் பற்றிக் கவலை இல்லை, புது டிக்கெட் வாங்கச் சொல்வார்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் இங்கே போட்டால் அமெரிக்காவில்தான் வாங்கவேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் நடுவழியில் இறங்கி, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசாவே தேவைப்படலாம். பையன் இங்கே மலிவாக இருக்கிறதென்று அனுப்பினால், "ஒரே பி.என்.ஆரா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நடுவில் மாறுவதற்கு மூன்று, நாலு மணி நேரமாவது இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடும் வயது நமக்கு இல்லை.

சக்கர நாற்காலிக்கு மூன்று வகை இருக்கிறது. படி ஏறி இறங்க முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். படி ஏறவே முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.எஸ். இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.சி. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லாருக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். நன்றாக நடக்க முடிந்தவர்கள் வரிசையில் நிற்காமல் போகலாம் என்பதற்காக மட்டும் கேட்க வேண்டாம் என்று தாழ்மையுடன் சொல்கிறேன். நாற்காலியும் அதைத் தள்ளுபவரும் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். உண்மையில் தேவைப்படும் ஒருவர் அங்கே காத்துக்கொண்டிருப்பார்.

சாப்பாடு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஹிந்து மீல் என்று போட்டிருந்தால் சைவம் என்று அர்த்தம் இல்லை. மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். நமக்கு வேண்டியது ஏஷியன் வெஜிடேரியன் மீல், எழுத்தில் ஏ.வி.எம்.எல். வெங்காயம் பூண்டு கூடாதென்றால் ஜெயின் மீல். டயபெடிக் மீல் என்று போட்டால் அதிலும் அசைவம் வரலாம். குறைந்தது ஒரு நாள் முன்பாவது சொல்லிவிட வேண்டும்.

காப்பீடு இல்லாமல் போகவே கூடாது. அமெரிக்காவில் ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் வைப்பு நிதி மொத்தமும் கரைந்துவிடும். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய தொகையைப் பார்க்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். உள்ள நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் க்ளெய்ம் வரும்போதுதான் தெரியும்.

மூட்டை கட்டுவதைப் பற்றிச் சகோதரிகளுக்கு ஒரு பட்டியல்.

மருந்து முழுவதும் கைப்பையில். பெரிய பெட்டி ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம், ரத்த அழுத்தம் அதுவரை காத்திருக்காது. இன்சுலினும் கைப்பையில்தான், அடியில் போகும் பெட்டியில் குளிரில் உறைந்துவிடலாம். டாக்டர் சீட்டில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு ரசாயனப் பெயரும் இருக்கட்டும். நம் ஊர்ப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

கசகசா எக்காரணம் கொண்டும் வேண்டாம். ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் கவனம். நாம் துபாயில் இறங்கி மாறுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எண்ணெய்ச் சத்தினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு வரும் நோயை அது கொண்டுவரும் என்று அவர்களுக்குப் பயம். ஊறுகாய் பெரிய பெட்டியில் போகலாம், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பவர் பேங்க் நேர் எதிர், கைப்பையில் மட்டும்தான். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று அமெரிக்காவில் கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம்.

மூன்றாவது பயணத்தில் எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அவர்கள் கவுண்டரில் புகார் எழுதி எண் வாங்கினேன். 1999-ம் வருட மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உச்சவரம்பு இப்போது 1,519 எஸ்.டி.ஆர்., ஏறக்குறைய 2,000 டாலர். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. முழுத் தொகையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், நஷ்டத்தைக் காட்ட வேண்டும். அந்த ஐந்து நாளில் வாங்கிய துணி, செருப்பு, பிரஷ் வரை எல்லா ரசீதையும் வைத்திருந்து அனுப்பினேன். பணம் வந்தது. ரசீது இருந்தால் வரும் என்பது 36 வருட அனுபவம்.

இறங்கும் இடத்தில் ஒன்று. விசா பத்து வருடத்துக்கு இருக்கிறது என்று பத்து வருடமும் தங்க முடியாது. உள்ளே விடும்போது எந்தத் தேதி வரை அனுமதிக்கிறார்களோ அதுதான் கணக்கு, பெரும்பாலும் ஆறு மாதம். ஐ-94 என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். செக் புத்தகம் கையில் இருப்பது வேறு, கணக்கில் இருப்பு இருப்பது வேறு. அதிகாரி கேட்பதற்குச் சுருக்கமாக உண்மையைச் சொன்னால் போதும். அங்கிருந்து உள்ளூர் விமானம் பிடிப்பவர்கள், இறங்கிய முதல் ஊரிலேயே பெட்டியை எடுத்து சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க அதிகாரிகளின் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். தூங்காமல் போய் இறங்கி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நம் பகல் அவர்கள் இரவு. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும். முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் வியாதி இல்லை. பகலில் வெளிச்சத்தில் நடங்கள், மதியம் அரை மணிக்கு மேல் தூங்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பயண நாளில் எந்தெந்த நேரத்தில் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் நேரமா, அந்த ஊர் நேரமா என்று நடுவானில் யோசிக்கக்கூடாது.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். கடைசிப் பயணத்தில், வழியில் விமானம் மாறும் நிலையத்தில் நடந்தது. சக்கர நாற்காலி கேட்ட ஏழெட்டுப் பெரியவர்களை ஒரு மூலையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகளுக்குப் பிரசவம் என்று தனியாகப் புறப்பட்டு வந்திருக்கிறார். தமிழ் தவிர வேறு தெரியாது. கையில் போர்டிங் பாஸ், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "தம்பி, இதான் அமெரிக்காவா?" என்று என்னைக் கேட்டார். வாங்கிப் பார்த்தால் எங்கள் விமானம்தான். ஏறுவதற்கு அழைப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அங்கே இருந்த ஊழியரிடம் நானும் என் மனைவியும் மாறிமாறிச் சொல்லி, எல்லோரையும் கதவு மூடுவதற்குள் கொண்டு சேர்த்தோம். அந்த அம்மா பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்கத் தெரியாமல் முதல் கட்டம் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். என் மனைவி தன் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு இடம் மாற்றிக்கொண்டு, 16 மணி நேரமும் அவரோடு உட்கார்ந்து வந்தாள். இரண்டு பேரும் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தார்கள்.

நமது மூன்று பிளாக்கிலும் அந்த அம்மாவைப் போல் தனியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அவர்களுக்காக ஓர் அட்டை தயாரித்திருக்கிறேன். ஒரு பக்கம் ஆங்கிலம். பெயர், இரண்டு விமானங்களின் எண், போய்ச்சேரும் ஊர், அங்கே வரவேற்பவரின் தொலைபேசி, சாப்பிடும் மருந்து, எனக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்ற வரி. மறுபக்கம், தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், சைவச் சாப்பாடு, மயக்கமாக இருக்கிறது, மகனுக்குப் போன் செய்ய வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிராக. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மாதிரி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

கடைசியாக, போக வேண்டுமா என்ற கேள்வி. கால் சரியான ஒரு வருடத்துக்குப் பிறகு மகனுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது என்று செய்தி வந்தது. அவன் வாருங்கள் என்று கேட்கவில்லை. "அம்மா உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னான். வா என்று சொல்லாததே அவளுக்குப் பெரிய அழைப்பாகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். அவள் டாக்டரிடம் தானே போய், தானே கேட்டாள். காலுறை, நடை, தண்ணீர், தேவைப்பட்டால் ஓர் ஊசி, வழியில் ஒரு இரவு தங்கல் என்று டாக்டர் ஐந்து நிபந்தனை போட்டார். "உங்க பேங்க்ல லோன் வாங்கவே இதைவிட அதிகமா நிபந்தனை இருக்குமே" என்று என்னிடம் சொன்னாள். போனோம். வழியில் ஒரு இரவு ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்தோம். அதற்கான செலவு அவளுடைய சேமிப்பிலிருந்து. பேத்தியைக் குளிப்பாட்டினாள், திரும்பி வந்தோம், கால் நன்றாக இருக்கிறது.

அதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளும் முடிவு செய்யக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரரும் முடிவு செய்யக்கூடாது. யார் உடம்பு அந்த இருக்கையில் உட்காரப்போகிறதோ அவர் முடிவு செய்ய வேண்டும், டாக்டரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு. வேண்டாம் என்று முடிவு செய்தால் அதிலும் குறை இல்லை. எங்களுக்கு இன்னும் ஒன்றோ இரண்டோ பயணம் பாக்கி இருக்கும். அதற்குப் பிறகு அவர்கள்தான் வர வேண்டும். இதை மகனிடம் போனமுறையே உட்கார வைத்துச் சொல்லிவிட்டோம். இனி வருடத்துக்கு ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் இதைப் பேசிவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாமாகச் சொல்வதும் இல்லை.

சங்கத்துக்கு மூன்று விண்ணப்பம். ஒன்று, அலுவலகத்தில் ஒரு பயணப் பதிவேடு வைக்கலாம். யார் எந்தத் தேதியில் எந்த ஊர் வழியாகப் போகிறார்கள் என்று எழுதினால், தனியாகப் போகும் ஒருவருக்குத் துணை கிடைக்கும், டிக்கெட்டை அதற்கேற்ற மாதிரி போடலாம். இரண்டு, பெட்டி எடை பார்க்கும் தராசு ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பொடி டப்பாக்களை எடுப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. மூன்று, ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மெயின் வால்வு, கேஸ், மெயின் சுவிட்ச் இவற்றை அணைத்தாயிற்றா என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் ஒரு படிவம். பதிவேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். லெட்ஜர் எழுதிய கை, சும்மா இருக்கிறது.

சந்தேகம் உள்ளவர்கள் காபி குடித்துக்கொண்டே கேட்கலாம். அடுத்த வாரம் கிளம்பும் பி பிளாக் அம்மா மட்டும் முதலில் வந்து அட்டையை வாங்கிக்கொள்ளவும்.